அசிடேட் மேல் போட்ட பழி

போன மாதம் என் மனைவிக்கு முழங்கால் வலி. டாக்டரிடம் வா என்றால் வராமல், போனில் எதையோ பார்த்துவிட்டு ஒத்தடம் கொடுக்கும் பை ஒன்றை வரவழைத்தாள். அதில் வெந்நீர் ஊற்ற வேண்டியதில்லை. பைக்குள் தண்ணீர் மாதிரி ஒரு திரவம், அதற்குள் பொத்தான் அளவுக்கு ஒரு தகடு. தகட்டை விரலால் ஒரு மடக்கு மடக்கினாள். அந்த இடத்திலிருந்து வெள்ளையாக உறையத் தொடங்கி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே பை முழுவதும் கட்டியாகிவிட்டது. தொட்டால் சுடுகிறது. "என்னங்க இது, ஐஸ் மாதிரி ஒறையுது, ஆனா கொதிக்குது!" என்று அவள் வியந்துகொண்டிருக்க, நான் கண்ணாடியைப் போட்டு அட்டைப்பெட்டியின் பொடி எழுத்தைப் படித்தேன். சோடியம் அசிடேட். பழைய எதிரி ஒருவன் வழி விசாரித்துக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்ட மாதிரி இருந்தது.

எங்கள் பழக்கம் ஆரம்பித்தது பகையில் அல்ல. திருநகரிலிருந்து டவுன் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய் நான் பி.எஸ்ஸி. வேதியியல் படித்த காலம் அது. பரிசோதனைக் கூடத்தில் ஆளுக்கு ஒரு பொட்டலம் வெள்ளைத் தூள் கொடுப்பார்கள். அது என்ன உப்பு என்று கண்டுபிடிக்க வேண்டும். அசிடேட் வந்தால் யோகம். ஒரு சிட்டிகையை ஆக்சாலிக் அமிலத்தோடு உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தால் வினிகர் வாசனை வரும் என்று புத்தகத்தில் இருந்தது. எங்கள் தமிழ் மீடியம் வகுப்பில் பாதிப் பேர் வினிகரைக் கண்ணால் பார்த்ததில்லை. உசிலம்பட்டிப் பக்கத்துக்காரன் ஒருவன் தேய்த்து முகர்ந்துவிட்டு, 'பழைய சோற்றில் புளித்த நீச்சத்தண்ணி வாசனை' என்று ரெக்கார்டில் எழுதித் திட்டு வாங்கினான். மதிப்பெண் போடும் அதிகாரம் என்னிடம் இருந்திருந்தால் அவனுக்குத்தான் முழுசாகப் போட்டிருப்பேன். அவன் மூக்கு பொய் சொல்லவில்லை.

அந்த உப்பின் குணம் எங்களுக்கு விளையாட்டாகவும் இருந்தது. அதன் படிகத்துக்குள்ளேயே தண்ணீர் இருக்கிறது. சூடாக்கினால் தன் தண்ணீரில் தானே கரைந்துவிடும். ஆடாமல் அசையாமல் ஆறவிட்டால் உறைய வேண்டிய சூட்டுக்குக் கீழே வந்த பிறகும் திரவமாகவே நிற்கும். அப்போது ஒரே ஒரு துகளைப் போட்டால் போதும், சடசடவென்று உறைந்து, உள்ளே வைத்திருந்த சூட்டையெல்லாம் வெளியே விடும். ஆசிரியர் அந்தப் பக்கம் திரும்பியதும் நாங்கள் இதைச் செய்து முதலாமாண்டுப் பையன்களைக் கூப்பிட்டுக் காட்டுவோம். அசிட்டிக் அமிலத்தோடு சேர்த்துக் கரைத்து வைத்தால் அதற்கு இன்னொரு வேலையும் உண்டு. வெளியிலிருந்து கொஞ்சம் அமிலம் வந்தாலும் கொஞ்சம் காரம் வந்தாலும், கரைசலின் தன்மை பெரிதாக மாறாமல் பார்த்துக்கொள்ளும். பஞ்சாயத்துப் பேசி அனுப்பி வைக்கும் பெரிய மனுஷன் வேலை. அப்போதெல்லாம் எனக்கு அதன் மேல் பிரியம்தான்.

படித்து முடித்து இரண்டு வருடம் சும்மா திரிந்த பிறகு, மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் டயாலிசிஸ் டெக்னீஷியனாகச் சேர்ந்தேன். சிறுநீரகம் செயலிழந்தவர்களின் ரத்தத்தைக் குழாய் வழியாக வெளியே எடுத்து, மெஷினில் சுத்தம் செய்து, திரும்ப உடம்புக்குள் அனுப்புகிற வேலை. ஐந்து மெஷின், ஐந்து கட்டில், ஜன்னலில் இரைச்சல் போடும் ஒரு ஏ.சி. முதல் நாள் கதவைத் திறந்ததுமே அந்தப் புளித்த வாசனை மூக்கில் ஏறியது. மூலையில் அடுக்கியிருந்த வெள்ளை கேன்களில் 'அசிடேட்' என்று எழுதியிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எதுக்கு இளிக்கிற?" என்றார் பொறுப்பு சிஸ்டர். அந்த அம்மா சாதாரணமாகப் பேசினாலே காளவாசல் சிக்னலில் நிற்பவனுக்குக் கேட்கும்.

டயாலிசிஸுக்கு ஏன் அசிடேட் என்று கேட்கலாம். சிறுநீரகம் கெட்டால் ரத்தத்தில் அமிலம் சேர்ந்துபோகும். அதைத் தணிக்கப் பைகார்பனேட் வேண்டும். ஆனால் பைகார்பனேட்டைக் கால்சியத்தோடு ஒரே கேனில் கலந்து வைக்க முடியாது. சுண்ணாம்பாகப் படிந்துவிடும். நம் ஊர் போர் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் பாத்திரத்தின் அடியில் படிகிறதே, அதே சமாச்சாரம்தான். அசிடேட் அப்படிச் சண்டை போடாது. ஒரு பங்கு கரைசலுக்கு முப்பத்து நான்கு பங்கு சுத்தமான தண்ணீர் சேர்த்து ஓடவிட்டால், அது ரத்தத்துக்குள் போன பிறகு ஈரலும் தசையும் அதைப் பைகார்பனேட்டாக மாற்றிக்கொள்ளும்.

காகிதத்தில் எழுதும்போது அழகாகத்தான் இருக்கிறது. எல்லா உடம்பும் அந்த வேகத்தில் மாற்றுவதில்லை என்பதுதான் சிக்கல். மாறாமல் தேங்கிய அசிடேட் ரத்தக் குழாய்களைத் தளர்த்திவிடும். ரத்த அழுத்தம் இறங்கும், குமட்டும், தலை வலிக்கும். நான்கு மணி நேரம் கழித்து எழுந்து போகிறவர்கள் களத்தில் நாள் முழுக்கக் கதிர் அடித்தவர்களைப் போலப் போவார்கள். சேர்ந்த மூன்றாவது மாதமே எனக்கு அந்த உப்பின் மேல் இருந்த பிரியம் போய்விட்டது. யாருக்கு என்ன ஆனாலும் "அசிடேட்தான்" என்று சொல்வது எங்கள் அறையின் வழக்கமானது. தலைவலியா, அசிடேட். வாந்தியா, அசிடேட். ஒரு நாள் ஏ.சி. நின்றுபோனதற்குக்கூட சிஸ்டர் அதைத்தான் திட்டினார்.

ஆனாலும் அந்த அறையை நினைத்தால் இன்றைக்கும் மனசு இளகுகிறது. ஒரு கட்டிலில் டிரான்சிஸ்டரில் கிரிக்கெட் ஓடும். இன்னொரு கட்டிலில் மகனுக்குப் பெண் பார்த்த கதை ஓடும். கேன் காலியானால் வீட்டுக்கு எடுத்துப்போக நான், நீ என்று போட்டி. மதுரையில் குடம் குடமாகத் தண்ணீர் பிடித்து வைத்த காலம் அல்லவா? எங்கள் வீட்டிலும் மூன்று கேன் இருந்தது. என் அம்மா எத்தனை முறை புளி போட்டுத் தேய்த்தும் வாசனை போகவில்லை. "ஒன் ஆஸ்பத்திரி வீட்டுக்குள்ள வந்து ஒக்காந்திருக்கு" என்று சொல்லிக்கொண்டே அந்தத் தண்ணீரில்தான் பாத்திரம் கழுவினாள். இப்போது எல்லா இடத்திலும் பைகார்பனேட்தான். அதன் கூடச் சேரும் அமிலக் கேனில் பொட்டளவுக்கு அசிடேட் இன்னும் இருக்கிறது. ஆனால் அறைக்குள் நுழைந்ததும் மூக்கில் ஏறும் அந்த வாசனை போயே போய்விட்டது.

அந்த அறைக்குச் செவ்வாயும் வெள்ளியும் வருகிறவர்களில் ஒருவர் வாடிப்பட்டிப் பக்கத்தில் அரிசி ஆலை வைத்திருந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். உயரமான, வற்றலான உடம்பு. வெள்ளை வேட்டி, இடுப்புக்குக் கீழே இறங்கும் தொளதொளச் சட்டை. காலையில் ஆலையைத் திறந்து, மோட்டார் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு, பஸ் ஏறி மதியம் எங்களிடம் வருவார். கேன்டீன் சாப்பாடு வந்தால் ஒரு சோற்றை எடுத்து நசுக்கிப் பார்த்து, "புது அரிசிய வடிச்சுப் பழசுன்னு ஏமாத்துறான் தம்பி" என்பார். டெக்னீஷியன்களில் என்னை மட்டும் அவருக்குப் பிடிக்கும். நான் எடையை நிதானமாகப் பார்க்கிறேனாம்.

டயாலிசிஸில் எடைதான் எல்லாம். சிறுநீர் போகாததால் குடித்த தண்ணீர் உடம்பிலேயே தங்கிவிடும். தண்ணீர் சேராமல் இருக்கும்போது ஒருவருடைய எடை எவ்வளவு என்பதை டாக்டர் ஆரம்பத்திலேயே கணித்து எழுதிவிடுவார். அதை டிரை வெயிட் என்போம். அவருக்கு அது ஐம்பத்திரண்டு கிலோ. முதன்முதலில் வார்டில் சேர்ந்து இரண்டு வாரம் படுத்திருந்தபோது எழுதியது. ஒவ்வொரு முறை வந்ததும் அவரை எடை மேடையில் ஏற்றுவேன். ஐம்பத்திரண்டுக்கு மேல் எவ்வளவு காட்டுகிறதோ, அவ்வளவு தண்ணீரை அன்றைக்கு மெஷின் வழியாக எடுக்க வேண்டும். முடிந்ததும் திரும்ப ஏற்றினால் ஐம்பத்திரண்டு காட்ட வேண்டும். அவர் குனிந்து முள்ளைப் பார்ப்பார். நான் நோட்டில் எழுதி முடிக்கும் வரை இறங்க மாட்டார். "எழுதுன பெறகுதான் எறங்கணும். அதான் எடைக்கு மரியாதை" என்பார்.

எடையில் ஒரு நாளும் பிசகில்லை. முடியும்போது முள் ஐம்பத்திரண்டில் கச்சிதமாக நிற்கும். ஆள்தான் நிற்க மாட்டார். மூன்றாவது மணி நேரத்தில் முகம் வெளிறும். கெண்டைக்கால் முறுக்கிக்கொள்ளும். ரத்த அழுத்தம் இறங்கிவிட்டது என்று மெஷினை மெதுவாக்குவோம், காலைத் தூக்கி வைப்போம். முடிந்ததும் தம்பியோ மைத்துனரோ கைத்தாங்கலாக அழைத்துப் போவார்கள். மறுநாள் முழுக்க வீட்டில் படுக்கைதான் என்று அடுத்த முறை வரும்போது சொல்வார். ரவுண்ட்ஸ் வந்த டாக்டர் ஒரு முறை என்னிடம், "எடையெல்லாம் சரியாப் பாக்குறீங்கல்ல?" என்று கேட்டார். "சரியா இருக்கு சார்" என்றேன். "அப்ப அசிடேட் ஒத்துக்கல போல" என்று எழுதிவிட்டுப் போனார். நானும் அந்த கேனை முறைத்துப் பார்த்தேன்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அவரை நான் திட்டியிருக்கிறேன். சித்திரை வெயில் கொளுத்திய ஒரு வெள்ளிக்கிழமை எடை அதிகமாக இருந்தது. "ஏன்யா, தண்ணிய மோந்து மோந்து குடிச்சிட்டு வந்து எங்க உயிர எடுக்குறீங்க?" என்று எல்லோர் முன்னிலும் கத்தினேன். அவர் கோபப்படவில்லை. "இல்ல தம்பி, நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கிருது. இங்கயிருந்து போன அன்னைக்குத்தான் ரொம்பத் தவிக்குது. வாயக் கொப்புளிச்சுக் கொப்புளிச்சுத் துப்பிட்டுத்தான் கெடக்கேன்" என்றார். நான் நம்பவில்லை. தண்ணீர் விஷயத்தில் எந்த நோயாளியும் உண்மை சொல்வதில்லை என்று எனக்கு ஓர் அகம்பாவம்.

அவர் எங்களிடம் வரத் தொடங்கி அதோடு ஏழு மாதம் ஆகியிருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை ஊசி குத்திக்கொண்டிருந்தபோது, "தம்பி, எம் மகளுக்குக் கல்யாணம் கூடிருச்சு" என்றார். வைகாசியில், ஒரு புதன்கிழமை முகூர்த்தம். அவர் முகத்தில் சந்தோஷமும் பயமும் ஒன்றாக இருந்தன. செவ்வாய் டயாலிசிஸ் என்றால் புதன் படுக்கை. எங்கள் பக்கத்தில் பெண்ணைப் பெற்றவன் மண்டப வாசலில் நின்று வருகிறவர்களைக் கும்பிட வேண்டும். பந்திக்குப் பந்தி இலைக்கு இலை போய், வேண்டியதைக் கேட்டுப் போடச் சொல்ல வேண்டும். கடைசிப் பந்தி எழுந்த பிறகுதான் தான் உட்கார வேண்டும். "அம்புட்டு சனமும் வந்து, பொண்ணோட அப்பன் எங்கன்னு கேட்டா, உள்ளாற படுத்துக்கெடக்கான்னு சொல்லக் கூடாது தம்பி. கடைசிப் பந்தி வரைக்கும் நான் நிக்கணும். ஏதாவது பண்ணுங்க" என்றார்.

திங்கட்கிழமைக்கு மாற்றலாமா என்று பார்த்தேன். ஐந்து கட்டிலும் நிரம்பியிருந்தன. ஒரு முறை விட்டுவிட்டால் நுரையீரலில் தண்ணீர் கோத்து மூச்சு வாங்கும். வழி தெரியாமல் நான் விழித்துக்கொண்டிருந்த சமயத்தில்தான் ஆறாவதாக ஒரு மெஷின் வந்து இறங்கியது. பைகார்பனேட் மெஷின். அதற்கு இரண்டு கேன். ஒன்றில் கால்சியம் கலந்த அமிலக் கரைசல், இன்னொன்றில் பைகார்பனேட். இரண்டும் கடைசி நிமிடத்தில் மெஷினுக்குள்தான் சந்திக்கும், அதனால் சுண்ணாம்பு படிய நேரம் இருக்காது. இதய நோய் உள்ளவர்களுக்கு மட்டும்தான் அது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். நான் அவர் பின்னாலேயே மூன்று நாள் அலைந்தேன். அசிடேட் இந்த மனிதரைக் கொல்கிறது, கல்யாணத்துக்காவது விடுதலை கொடுங்கள் என்று வக்கீல் மாதிரி வாதாடினேன். கடைசியில், "சரி, கல்யாணத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை ஒரு தடவ போட்டுப் பாருங்க" என்றார்.

அந்த வெள்ளிக்கிழமை எனக்கே கல்யாணம் மாதிரி இருந்தது. "இன்னைக்குப் பாருங்க ஐயா, முடிஞ்சதும் நீங்களே நடந்துபோய் பஸ் ஏறுவீங்க" என்றேன். எடை பார்த்தேன், எழுதினேன், புது மெஷினில் படுக்க வைத்தேன். முதல் மணி நேரம் சிரித்துப் பேசினார். இரண்டாவது மணி நேரம் தூங்கினார். மூன்றாவது மணி நேரத்தில் முகம் வெளிறியது. கெண்டைக்கால் முறுக்கிக்கொண்டது. எல்லாம் அப்படியே, ஒன்றுவிடாமல். அவர் மெஷினில் அசிடேட் கேன் இல்லை, ஆனால் அது செய்ததாக நான் சொல்லிவந்த அத்தனையும் இருந்தது.

வலியில் அவர் காலை உதறினார். போர்வை விலகி, அவர் இடுப்புப் பக்கத்திலிருந்து ஏதோ ஒன்று 'ணங்' என்று தரையில் விழுந்தது. சிஸ்டர் சலைனைத் திறந்துவிட, நான் குனிந்து அதை எடுத்தேன். அகலமான பச்சை பெல்ட். நம் ஊர் வியாபாரிகள் வேட்டிக்கு மேல் கட்டுவார்களே, பை வைத்துத் தைத்தது, அதுதான். பைக்குள் ஆலைச் சாவிக்கொத்து, பாக்குவெட்டி, சுண்ணாம்பு டப்பா. எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு முரட்டுத் திண்டுக்கல் பூட்டு. நெல் மூட்டை அடுக்கி வைக்கும் கிட்டங்கியின் பூட்டு. பகலில் கிட்டங்கி திறந்திருக்கும்போது பூட்டைக் கதவில் தொங்கவிட்டால், எவனாவது அதே மாதிரி வேறு பூட்டை மாட்டிவிட்டுப் போய்விடுவானாம். அதனால் ராத்திரி பூட்டும் வரை அது முதலாளியின் இடுப்பில்தான் இருக்க வேண்டும் என்பது அவர் வழக்கம். பெல்ட் என் கையை இழுத்தது. நான் எதுவும் யோசிக்காமல் நேராக எடை மேடைக்குப் போய் அதை வைத்தேன். முள் ஒரு கிலோவில் போய் நின்றது.

வார்டில் ஐம்பத்திரண்டு என்று எழுதியபோது அவர் ஆஸ்பத்திரி உடையில் இருந்தார். பெல்ட் வீட்டில் இருந்தது. எங்களிடம் வரும்போது சட்டைக்கு அடியில் பெல்ட்டோடு ஏறி நின்றிருக்கிறார். படுத்ததும் அவிழ்த்துப் போர்வைக்குள் வைத்துக்கொண்டிருக்கிறார். எழும்போது கட்டிக்கொண்டு திரும்ப ஏறியிருக்கிறார். வரும்போதும் பெல்ட், போகும்போதும் பெல்ட், ஆகவே நோட்டில் கணக்கு சுத்தம். அந்த இரும்பையும் தண்ணீர் என்று நினைத்து, ஒவ்வொரு முறையும் அவர் உடம்புக்குத் தேவையான தண்ணீரில் ஒரு லிட்டரை நான் கூடுதலாக எடுத்திருக்கிறேன். வாரத்துக்கு இரண்டு முறை, ஏழு மாதம். நாக்கு ஒட்டிக்கொள்கிறது என்று அவர் சொன்னது அத்தனையும் நிஜம். அவரைத்தான் நான் எல்லோர் முன்னிலும் திட்டினேன்.

டாக்டரிடம் போய்ச் சொன்னேன். நோட்டை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். "நானும் ஒரு தடவ பக்கத்துல நின்னு பாத்திருக்கணும்" என்றார். அதற்கு மேல் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். செவ்வாய்க்கிழமைக்குப் புது மெஷின் கிடைக்காது, இதய நோயாளி ஒருவர் வருகிறார், பழைய அசிடேட்தான் என்றும் சொன்னார். சிஸ்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "பெல்ட்டக் கழட்டிட்டு ஏறுங்கன்னு சொல்லு, அம்புட்டுத்தான். கல்யாண வீட்டுக்காரர்ட்டப் போயி ஒப்பாரி வைக்காத" என்றார். நல்ல யோசனைதான். சனி, ஞாயிறு, திங்கள் மூன்று நாளும் அந்த யோசனையைத்தான் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தேன். கல்யாணத்துக்கு வந்த சொந்தக்காரர்கள் வேன் பிடித்து வந்து என்னை உதைப்பது போலவும் நினைத்துப் பார்த்தேன். உதைத்தால் தகும் என்றும் தோன்றியது.

செவ்வாய்க்கிழமை அவர் எடை மேடைப் பக்கம் வந்ததும், "ஐயா, அந்த பெல்ட்டக் கழட்டிருங்க" என்றேன். அவர் கழற்றினார். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். என்னால் முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கையில் பெல்ட்டைப் பிடித்தபடி அசையாமல் கேட்டார். பிறகு மெதுவாக, "தம்பி, நீங்க கழிக்கலையா?" என்றார்.

"என்னத்தய்யா?"

"பெல்ட்டு எடைய. கழிச்சுத்தான் எழுதுறீகன்னு நெனச்சேன்."

அவர் என்னமோ தான்தான் தப்புச் செய்தவர் போலத் தயங்கித் தயங்கிச் சொன்னார். ஆலையில் நெல் மூட்டையை எடை போடுகிறவன் சாக்கு எடையைத் தானாகக் கழித்துத்தான் எழுதுவான். சாக்கைக் கழித்தாயா என்று அவனிடம் யாரும் கேட்பதில்லை. கேட்டால் அவனை நம்பவில்லை என்று அர்த்தம். "யாவாரி இடுப்புல பெல்ட்டு இருக்கும்னு மதுரக்காரவுகளுக்குத் தெரியாதா? நீங்க முள்ளப் பாத்து ஒரு நிமிசம் யோசிச்சு எழுதுவீக. மனசுக்குள்ள கழிக்கிறாருன்னு நெனச்சுக்கிட்டேன். நானா வாயத் தொறந்து கேட்டா ஒங்களுக்கு மரியாதையா இருக்காதுன்னு விட்டுட்டேன் தம்பி."

நான் யோசித்தது வேறு ஒன்றும் இல்லை, முள் எந்தக் கோட்டில் நிற்கிறது என்றுதான். அதைச் சொல்லும் தைரியம்கூட எனக்கு வரவில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவர் சுற்றுமுற்றும் பார்த்துச் சங்கடப்பட்டு, பெல்ட்டை என் மேஜையில் வைத்துவிட்டு மேடையில் ஏறினார். "இப்பப் பாத்து எழுதுங்க" என்றார். எழுதினேன். நான் எழுதி முடிக்கும் வரை வழக்கம்போல இறங்காமல் நின்றார்.

அன்று ஓடியது பழைய அசிடேட். மூன்றாவது மணி நேரத்தில் கொஞ்சம் தலை வலிக்கிறது என்றார். லேசாகக் குமட்டியது. அந்த உப்பின் பங்கு அவ்வளவுதான். கால் முறுக்கவில்லை. முடிந்ததும் கட்டிலை விட்டு எழுந்து, கைத்தாங்கலுக்கு வந்த மைத்துனரை விலக்கிவிட்டு, செருப்பைத் தானே மாட்டிக்கொண்டார். "நாளைக்குக் காலையில வந்துருங்க தம்பி" என்று சொல்லிவிட்டு நடந்து போனார். நான் ஜன்னல் வழியாக அவர் ரோட்டைத் தாண்டும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் வாடிப்பட்டி மண்டபத்துக்குப் போனேன். வாசலில் அவர்தான் நின்றார். புது வேட்டி, தோளில் துண்டு, கூப்பிய கை. தாலி கட்டும்போது நின்றார். முதல் பந்தியில் வரிசை வரிசையாகப் போய், "கூச்சப்படாமச் சாப்பிடுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் ஒரு தூணுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு அவரையே பார்த்தேன். எங்கே தள்ளாடுவாரோ, எங்கே சுவரைப் பிடிப்பாரோ என்று நாற்காலி நுனியிலேயே உட்கார்ந்திருந்தேன். இரண்டாம் பந்தி, மூன்றாம் பந்தி போனது. அவர் முகம் வெளிறவில்லை. வேர்வையைத் துண்டால் துடைத்துக்கொண்டு, சாம்பார் வாளிக்காரனை அதட்டிக்கொண்டிருந்தார். இப்படி ஒரு ஆளையா ஏழு மாதமாகப் படுக்க வைத்தேன் என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசிப் பந்தியில் என்னைக் கையைப் பிடித்து இழுத்து வந்து உட்கார வைத்தார். இலையில் பாயசம் விழுந்த நேரத்தில் கல்யாணப் பெண் மாப்பிள்ளையோடு வந்து என் எதிரே நின்றாள். "அண்ணே, அப்பா இனிமே எந்திரிக்கவே மாட்டாருன்னு நெனச்சு அழுதுக்கிட்டு இருந்தோம். அசிடேட்டு ஒத்துக்கலன்னு கண்டுபிடிச்சு நீங்கதான் மாத்திவிட்டீங்களாமே. அப்பா எல்லார்ட்டயும் சொல்லிக்கிட்டு இருக்காரு" என்று கையெடுத்துக் கும்பிட்டாள். கூட நின்ற உறவுக்காரர்களும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். முந்தைய நாள் அவர் உடம்பில் ஓடியதும் அசிடேட்தான் என்று அங்கே எங்கள் இரண்டு பேருக்குத்தான் தெரியும்.

"இல்லம்மா, அது வந்து..." என்று ஆரம்பித்தேன்.

"தம்பி, பாயாசம் எலைய விட்டு ஓடுது, பாருங்க" என்றார் அவர். பிறகு மகளிடம் திரும்பி, "எல்லாம் அந்தப் பாழாப்போன அசிடேட்டு பண்ணுன வேலைம்மா. தம்பி என்ன செய்வாரு?" என்றார்.

ஏழு மாதம் நான் தெரியாமல் சொன்னதை அவர் தெரிந்தே சொன்னார். நான் நிமிர்ந்து பார்த்தேன். அவர் என் இலைக்கு எதிரே ஆடாமல் நின்றுகொண்டு, சாப்பிடுங்கள் என்று கையைக் காட்டினார். அந்தப் பெண்ணிடம் நான் அன்றைக்கு எதையும் மறுத்துச் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, பாயசத்தை வழித்துச் சாப்பிட்டேன்.